மேசையிலிருந்து திரும்பிப் போகும் கிண்ணம்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாகப் புதிதாகக் கடமையேற்றிருக்கும் உங்களுக்கு, உணவகப் பரிசோதனைப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் சொல்லித் தரப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் பாதகமில்லை, படிவம் தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும். முப்பத்திரண்டு வருடங்கள் அதைத்தான் பார்த்தேன். குப்பை வாளிக்கு மூடி உண்டா? உண்டு. சமையற்காரர் தலையில் தொப்பி உண்டா? உண்டு. புத்தம்புதுத் தொப்பி, மடிப்புக்கூடக் கலையவில்லை. நான் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதுதான் பொதியிலிருந்து எடுத்திருப்பார்கள். நானும் சரி போட்டுவிட்டு, அவர்கள் தந்த தேநீரைக் குடிக்காமல் வெளியே வருவேன். தேநீர் குடிக்காததுதான் நேர்மை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எழுதுவது நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்களுக்குப் பிறகு நடந்தது. பதவியில் இருந்தபோது செய்த தவறு ஒன்று, பதவி போன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

நஸ்ரின் ஓட்டமாவடிப் பிள்ளை. இருபத்தைந்து வயது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்து வந்திருந்தாள். அவளுடைய வாப்பா வளைகுடாவில் வேலை செய்த காலத்தில் குடும்பம் சில வருடங்கள் அங்கே இருந்தது. சின்ன வயது முதல் வயிற்றோட்டம், மெலிவு, இரத்தச்சோகை என்று அலைந்தவளுக்கு சீலியாக் நோய் என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளுட்டன் என்ற புரதம் குடலுக்குப் போனால், உடம்பு தன் குடலையே பகைத்துக்கொண்டு புண்ணாக்கும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்ப்பது ஒன்றே வழி. கொஞ்சம் போனால் கொஞ்சம்தான் வருத்தம் என்ற கணக்கும் அதில் இல்லை. ஒரு கோதுமைப் பாண் துணுக்கு போதும்.

எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் அவளை என்னிடம் அனுப்பினார். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குவதால் நகரத்திலேயே ஒரு அறை எடுத்திருந்தாள். வீட்டுக்காரி தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு கேத்திலுக்கு மேல் எதையும் அனுமதிக்கவில்லை. அறையில் சமைக்க முடியாது, மதியச் சாப்பாடு கடையில்தான். அதற்குள் மூன்று தடவை நோயில் விழுந்துவிட்டாள். தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. கையில் மிச்சம் ஒன்றரை நாள் விடுமுறை. அதற்கு மேல் ஒரு நாள் வராவிட்டாலும் வேலையை உறுதிப்படுத்த முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"வேலை போனா வீட்டுக்குப் போய் இரிக்க வேண்டியதுதான் சேர்," என்றாள். "உம்மா அதத்தான் சொல்றா. வருத்தக்காரப் பிள்ளைக்கு எதுக்கு வேலை எண்டு. எனக்கு அது ஏலா. டவுன்ல பயமில்லாமச் சாப்பிட ஒரு கடை சொல்லுங்க. ஒண்டே ஒண்டு போதும்."

ஒரு கடைதானே என்று நினைத்தேன். இந்த நகரத்தின் ஒவ்வொரு சமையலறையின் கழிவுநீர்க் குழாயும் எந்தப் பக்கம் சரிகிறது என்று எனக்குத் தெரியும்.

நாம் சோறு தின்கிற ஆட்கள், கோதுமைக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் இறங்கினேன். இரண்டு நாள் நடந்ததில் எண்ணம் மாறியது. பிட்டில் கோதுமை மா. தோசையில் கோதுமை மா. ஆப்பத்தில் கொஞ்சம், கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கொஞ்சம், சோயா சோஸில் கொஞ்சம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இடியப்பம் விற்கும் அம்மா ஒருவரிடம் போனேன். பலகையில் 'சிவப்பரிசி இடியப்பம்' என்று எழுதியிருந்தது.

"இதில கோதுமை மா கலக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"கலக்காம? வெறும் அரிசி மாவப் பிழிஞ்சா உரல் உடையும், இல்லாட்டி என்ட கை உடையும்," என்றார். "பாதிக்குப் பாதி, சேர். பலகையில பொய் இல்ல, சிவப்பரிசியும் இரிக்குத்தானே."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "அந்தப் பிள்ளைக்கு என்ட கடையில வாழைப்பழத்தத் தவிர ஒண்டும் குடுக்காதீங்க," என்றார். அவருடைய கடைக்கு நான் பதவியில் இருந்தபோது சி தரம் கொடுத்திருந்தேன். கேட்ட கேள்விக்கு அவ்வளவு சுத்தமான பதில் அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. அது எதற்கு அறிகுறி என்று அப்போது யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகியிருக்கும்.

கடைசியில் வாவிக்கரையோரம் உள்ள ஒரு உணவகத்தைத் தேர்ந்தெடுத்தேன். சுவரில் ஏ தரச் சான்றிதழ், கீழே என் கையெழுத்து. சமையற்காரர் தவராசா பனிச்சங்கேணிக்காரர், ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். அரிசியைப் பார்த்தேன். கறித்தூள் அவரே வறுத்து இடிப்பித்தது. பருப்பில் பருப்பு, தேங்காய்ப்பால், மஞ்சள், உப்பு. மீன் வாவியிலிருந்து வந்தது, அதற்குப் படிவம் தேவையில்லை. ஒவ்வொரு சட்டிக்கும் தனி அகப்பை. மதியச் சமையல் பதினொரு மணிக்குப் புதிதாக இறங்குகிறது. சோறு, பருப்பு, மீன்கறி, அப்பளம் ஆகிய நான்கும் பாதுகாப்பானவை என்று ஒரு தாளில் எழுதி, பழக்கதோஷத்தில் திகதியும் இட்டு, நஸ்ரினிடம் கொடுத்தேன்.

"பயமில்லாமச் சாப்பிடுங்க, மகள்."

முதல் நாள் சாப்பிட்டாள், ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. எனக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னாள். மூன்றாம் நாள் மாலை வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. வாந்தியும் வயிற்றோட்டமுமாக சேலைன் ஏற்றிக் கிடந்தாள்.

நான் அவளிடம் கேட்ட முதற் கேள்வியை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் நீங்களும் அதையே கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். "வேற எங்கயாவது பிஸ்கட் கிஸ்கட் சாப்பிட்டீங்களா?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சேர், நான் சாப்பிட்டது நீங்க எழுதித் தந்ததுதான். அப்பளம் மட்டும் எடுக்கல்ல, எனக்குப் புடிக்காது. உங்கட ஏ சேர்டிபிகேட்டுக்கு வருத்தம் வராது சேர். எனக்குத்தான் வரும்."

அடுத்த நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மிச்சம் அரை நாள்.

அதற்கு மறுநாள் மதியம் உணவகத்துக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று நினைக்கிறீர்கள்? பரிசோதகராகத்தான். முதுகை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சமையலறை அந்தக் கணமே விறைத்தது. பரிமாறுகிறவர்கள் நடையை மாற்றினார்கள். ஒருவர் தொப்பியைத் தேடினார். நான் சட்டி சட்டியாகப் பார்த்தேன். குற்றம் எதுவும் இல்லை. குற்றம் கண்டுபிடிக்க முடியாத சமையலறையைப் போலப் பரிசோதகருக்கு எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை.

வெளியே வந்து வாவிக்கரை மதிலோரம் நின்றேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தவராசா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"சேர் இப்ப பென்சன்தானே?"

"ஓம்."

"அப்ப எழுத மாட்டீங்க."

"எழுத எனக்கு இப்ப ஒரு படிவமும் இல்ல, தவராசா."

மதிலோரம் இன்னும் கிட்ட வந்தார். "ரொட்டி, பாண் சாப்பிடுற ஆக்களுக்கு மேசையில ஒரு கிண்ணம் பருப்பு வைக்கிறது தெரியுந்தானே. ஆள் பாதிதான் சாப்பிடும். மிச்சம் நல்ல பருப்பு. திரும்பி வரும். அதச் சட்டியில ஊத்துவம்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பிள்ள முதல் ரெண்டு நாளும் பதினொண்டரைக்கு வந்தது. சட்டி அப்பதான் இறக்கினது. மூண்டாம் நாள் வேலை கூடியிருக்கும், ஒண்டரைக்குப் பிறகுதான் வந்தது. அதுக்குள்ள எத்தின கிண்ணம் திரும்பி வந்திரிக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. ரொட்டியத் தோச்சு எடுத்த கிண்ணம். மேலால பாத்தா ஒண்டும் தெரியாது."

"முப்பது வருசமா நான் இத ஒருநாளும் பாக்கல்லையே?"

தவராசாவின் வாயோரம் லேசாக அசைந்தது. "உங்கட மோட்டச்சைக்கிள் பாலத்தடியில திரும்பேக்கயே சத்தம் கேக்கும் சேர். முன் கடைத் தேத்தண்ணிக்காரன் கேத்தில்ல கரண்டியால ரெண்டு தட்டுத் தட்டுவான். நீங்க உள்ள வாறதுக்குள்ள எல்லாக் கிண்ணமும் கழுவுற தொட்டியில கிடக்கும். நீங்க போன மறுகா பழையபடி."

நம் படிவத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்: பரிமாறிய உணவு மீண்டும் பாத்திரத்தில் சேர்க்கப்படுவதில்லை. அந்த வரிக்கு நேரே நான் போட்ட சரி அடையாளங்களை வரிசையாக வைத்தால் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்.

"களவெண்டு நினைச்சுச் செய்யல்ல சேர்," என்றார். "சாப்பாட்டக் கொட்டுறது பாவம் எண்டு வளந்த கை இது. முதலாளியும் சொல்லித் தரல்ல, ஒருத்தரும் சொல்லித் தரல்ல. ஆனா அந்தப் பிள்ள என்ட கையால சாப்பிட்டுத்தான் விழுந்தது. ஆசுபத்திரிக்கு ஏத்திப் போன ஓட்டோக்காரன் வந்து சொன்னான். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல."

தெரிந்தால் முதலாளி அவரை நிறுத்திவிடுவார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்து சொன்னார். நான் சேவையில் இருந்த காலத்தில் துணிச்சல் என்றால் இரவு பகல் பாராமல் முற்றுகை போவது என்று பேசிக்கொள்வோம். ஈரக் கையைத் துடைத்தபடி இருபது அடி நடந்து வருவதும் துணிச்சல்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது என் முன்னால் இருந்த கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். நடைமுறைப்படி நான் சுகாதாரப் பணிமனைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கடை சில நாள் மூடப்படும், தவராசா வீட்டுக்குப் போவார், அவர் இடத்துக்கு வருகிறவர் இன்னும் கெட்டித்தனமாக மறைப்பார், நஸ்ரினுக்குச் சாப்பிட இடம் இருக்காது. சொல்லாவிட்டால் ஊரார் எச்சில் பருப்பை ஊராரே தின்பார்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. நேரே முதலாளியிடம் போனேன்.

"உங்கட பருப்புச் சட்டியில பாண் துணுக்கு கண்டன்," என்று பொய் சொன்னேன். "கிண்ணம் திரும்பிச் சட்டிக்குப் போகுது."

"ஆர் சொன்னது?"

"சட்டிதான் சொன்னது. ஒரு மாதத்தில இப்ப இருக்கிற பரிசோதகரக் கூட்டிக்கொண்டு வருவன். அதுவும் நடந்து வருவன்."

அவர் தலையாட்டினார். எவ்வளவு நாளைக்கு ஆட்டுவார் என்பதுதான் எனக்குச் சந்தேகம். வழி கண்டுபிடித்தது தவராசா. பெரிய கிண்ணங்களை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, பாதி அகப்பை மட்டும் கொள்ளும் சின்னக் கிண்ணங்களைப் புழக்கத்துக்கு எடுத்தார். கேட்டால் இன்னொன்று வரும். அதிலே மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, திரும்புவதற்கும் ஒன்றுமில்லை, கொட்டுகிற பாவமும் இல்லை. முப்பத்திரண்டு வருடங்கள் நான் எழுதிய எச்சரிக்கைகளால் நடக்காததைக் கிண்ணத்தின் அளவு நடத்திக் காட்டியது. சொன்னபடி ஒரு மாதத்தில் இப்போதைய பரிசோதகரை நடத்தியே கூட்டிப்போனேன். கேத்தில் தட்டப்படவில்லை. சட்டிக்கு ஒன்றும் திரும்பவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. நஸ்ரினுக்கென்று ஒரு சோற்றுப் பெட்டியை ஒதுக்கினார். பதினொரு மணிக்குச் சட்டி இறங்கியதும், மேசைக்கு ஒரு அகப்பைகூடப் போவதற்கு முன், அவளுடைய சோறும் பருப்பும் மீனும் அதற்குள் போய் மூடி விழும். நான் அவளுக்குக் கொடுத்த தாளை ஒருநாள் வாங்கிப் பார்த்தார்.

"சேர், அப்பளம் எண்டு எழுதியிருக்கீங்க."

"உளுந்துதானே, தவராசா. கோதுமை இல்ல."

"அப்பளத்தில இல்ல. எண்ணெயில இரிக்கு. காலையில அதிலதான் கோதுமை மா ரோல்ஸ் பொரிக்கிறது."

அந்தப் பிள்ளைக்கு அப்பளம் பிடிக்காமற் போனதுதான் என் அதிர்ஷ்டம். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கை துடைக்கும் துணி? வெட்டும் பலகை? ரொட்டி போடுகிறவர் அகப்பையைத் தொட்டால்? எனக்குப் பாடநெறியில் கற்பித்த அத்தனையும் அந்த மனிதர் தன் சமையலறையை ஒரு நோயாளியின் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தார்.

ஆறு வாரங்கள் நஸ்ரினுக்கு ஒன்றும் வரவில்லை. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. தகுதிகாண் காலம் முடிய இன்னும் நான்கு வேலை நாட்கள் இருந்தபோது ஒரு மதியம் நானும் அங்கே இருந்தேன். அன்றைக்கு முதலாளி ஒரு கலியாண வீட்டு ஓடர் எடுத்திருந்தார். நூற்றுக்கணக்கில் ரோல்ஸும் பெற்றிஸும். சமையலறையில் நான்கு பேர் மா குழைத்துக்கொண்டிருந்தார்கள். தவராசா மீன் பக்கம் நின்றபடி, "சுறுக்கா முடிகா, அந்த மாவ உதறாத!" என்று கத்துவது வெளியே கேட்டது.

நஸ்ரின் வந்தாள். தவராசா வாசலுக்கே வந்துவிட்டார்.

"இண்டைக்கு இல்ல, மகள்."

"ஏன் அண்ணன்? பெட்டி வைக்கல்லையா?"

"வைச்சன். தரமாட்டன்."

நான் தலையிட்டேன். அறிவுள்ளவன் தலையிட வேண்டிய இடமல்லவா? "பெட்டிக்கு மூடி இருக்கு, தவராசா. மா குழைக்க முதலே போட்டு மூடினது. உள்ள என்ன போகும்?" நடைமுறைப்படி நான் சொன்னது முற்றிலும் சரி. மூடிய பாத்திரத்தில் உள்ள உணவு பாதுகாப்பானது. பரீட்சையில் அப்படி எழுதினால் முழுப் புள்ளி.

அவர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். மூடியின் மேல் ஒரு விரலால் கோடு இழுத்தார். விரல் போன பாதையில் அலுமினியம் மினுங்கியது. இரண்டு பக்கமும் வெள்ளையாக மெல்லிய மாப் படலம்.

"இது காத்தில வந்து படிஞ்சது சேர். மூடி இருக்கு, ஓம். திறக்கேக்க இது எங்க விழும்?"

நான் வழிவிட்டு ஒதுங்கினேன்.

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "வந்த ஆள ஏன் திருப்பி அனுப்புறாய்? துடைச்சுப் போட்டுக் குடு!"

"துடைக்கிற துணியிலயும் மா, முதலாளி. துடைக்கிற கையிலயும் மா," என்றார் தவராசா, திரும்பிப் பார்க்காமலே. பிறகு நஸ்ரினிடம், "நாலு நாள்தானே இரிக்கு உங்களுக்கு? இண்டைக்குப் பசி பொறுங்க. முன்னுக்கு இளநீ விக்கிறான், குடிங்க. பேருந்து நிலையத்தடிக்குப் போனா இடியப்பக்கார அம்மாட்ட வாழைப்பழம் இரிக்கும். அவிச்ச முட்டையும் வைப்பா. கோதோட வாங்குங்க, நீங்களே உரிங்க. தோலோட வாறத மட்டும் சாப்பிடுங்க."

இடியப்பக்கார அம்மா என்னிடம் சொன்னது இவருக்குத் தெரியாது. ஏ தரக் கடையின் சமையற்காரரும் சி தரக் கடைக்காரியும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு தரத்தையும் போட்ட நான்தான் கடைசியாக வந்து சேர்ந்தேன்.

நஸ்ரின் பெட்டியின் மூடியில் இருந்த கோட்டை ஒரு நிமிடம் பார்த்தாள். "அண்ணன், நாளைக்கு வைப்பீங்கதானே?"

"நாளைக்கு ரோல்ஸ் இல்ல. இரவே கழுவி வைப்பன். வாங்க."

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு கடை குளுட்டன் ஒவ்வாதவருக்குப் பாதுகாப்பானதா என்று உங்களிடம் யாராவது கேட்டால், அங்கே என்ன தருகிறார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த நாளில் தர மறுப்பார்கள் என்று கேளுங்கள். ஒருநாளும் மறுக்காத கடைக்கு நோயாளியை அனுப்பாதீர்கள். சமையலறைக்காரர் உண்மையைச் சொல்ல நீங்கள் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டாம். முடிந்தால் மோட்டார் சைக்கிளைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

நஸ்ரினுக்கு வேலை உறுதியானது. கடிதம் கிடைத்த அன்று மதியம் உணவகத்துக்கு வரச் சொல்லி எனக்கு அழைப்பெடுத்தாள். வெறுங்கையோடு போவது அழகில்லை என்று வழியில் ஒரு பட்டர் கேக் வாங்கிக்கொண்டேன். தவராசாவுக்கும் சமையலறைக்காரருக்கும் கொடுக்கலாம் என்ற எண்ணம். பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, எனக்கு இடம்வலம் தெரிந்த அந்தச் சமையலறை வாசலில் காலை எடுத்து வைத்தேன். நஸ்ரினின் சோற்றுப் பெட்டி திறந்திருந்தது. தவராசா அதற்குள் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், கையில என்ன அது?"

"கேக். எல்லாருக்கும்..."

"அங்கயே நில்லுங்க!"

நின்றேன். முன் மேசையில் நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. முப்பத்திரண்டு வருடங்கள் மற்றவர்களைச் சமையலறையை விட்டு வெளியேறச் சொன்னவன் நான். என்னை ஒருவர் வெளியேற்றியது அதுவே முதல் தடவை, அதைவிடச் சரியான உத்தரவை நானும் ஒருநாளும் போட்டதில்லை. கேக் பெட்டியை வாசலில் நின்ற ஓட்டோவின் ஆசனத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, குழாயடியில் கையை நீட்டினேன்.

"சவுக்காரம் போட்டு, சேர்," என்றார் தவராசா உள்ளே நின்றபடி. "முழங்கை வரைக்கும்."

முழங்கை வரைக்கும் கழுவினேன்.